அம்மா தைத்த சும்மாடு

“அக்கா, நீங்க யுனிவர்சிட்டில என்னா படிக்கிறீங்க?”

சென்ற ஆண்டு நம் கழகம் நடத்திய வாசிப்பு முகாமில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைக் கேட்ட கேள்வி இது. முகாம் நடந்தது நான் ஆறு ஆண்டுகள் படித்த அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். நான் வாய்ப்பாடு ஒப்புவித்த அதே வகுப்பறை. சன்னலுக்கு வெளியே முன்பு பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை.

“கணிதமும் இயற்பியலும்” என்றேன். அவன் விடவில்லை. “அதுல என்னா?” என்றான். நான் சற்றும் யோசிக்காமல், “லேட்டிஸ் கேஜ் தியரி” என்று சொல்லிவிட்டேன். அவன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடிவிட்டான்.

நண்பர்களே, அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. படிவம் ஒன்றில், தேசிய இடைநிலைப்பள்ளியின் முதல் வாரத்தில், கணித ஆசிரியர் “பெச்சஹான்” என்று சொல்லச் சொல்ல நானும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது நான் தமிழ்ப்பள்ளியில் விரும்பிப் படித்த பின்னம் என்று தெரிய எனக்கு மூன்று நாள்கள் ஆயின. பின்னம் எனக்குத் தெரியும், பெச்சஹான் தெரியாது. தெரிந்த ஒன்றையே தெரியாதவளாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம்தான் ஒரு குறிப்பேடு வாங்கி மூன்று நிரல்கள் போட்டேன். முதல் நிரலில் தமிழ், அடுத்ததில் மலாய், மூன்றாவதில் ஆங்கிலம். பின்னம், செவ்வகம், பகா எண் என்று அது நிறைந்தது. படிவம் நான்குக்குப் பிறகு முதல் நிரல் மெல்ல மெல்ல வெறுமையானது. பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் மூன்றாவது நிரலில் மட்டுமே எழுதினேன். அந்தச் சிறுவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. அவனுக்குரிய நிரலில்தான் இல்லை.

என் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைச் சுருக்கமாகச் சொன்னால், ‘பரப்புகளின் மேல் குவாண்டம் குலச் சமச்சீர் கொண்ட கேஜ் கோட்பாடு’. ‘குலம்’ என்ற சொல்லைத் தமிழகத்துக் கல்லூரிக் கணித நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒரு முக்கோணத்தை அது இருந்த இடத்திலேயே பொருந்துமாறு எத்தனை வழிகளில் திருப்பலாம், கவிழ்க்கலாம் என்று எண்ணினால் ஆறு வழிகள் கிடைக்கும். அந்த ஆறும் சேர்ந்தது ஒரு குலம். இதை அம்மாவிடம் சொன்னபோது, “கணக்குலகூடவா குலம் கோத்திரம் பாக்கிறாங்க?” என்று கேட்டுவிட்டுத் தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார்.

என் அம்மா தையற்காரர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருக்கும் மலிவு விலை வீட்டின் முன்னறைதான் அவர் கடை. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில் அந்த அறையில் ரவிக்கைத் துணிகளுக்கு நடுவே நடக்கத்தான் இடமிருக்கும். நான் எஸ்.பி.எம். படித்ததும், மெட்ரிகுலேசனுக்குப் போனதும், இங்கு வந்ததும் அந்த ரவிக்கைகளால்தான். இதை என் வகுப்புத் தோழர்களிடம் முதலாண்டில் நான் சொன்னதில்லை. “அம்மா சொந்தத் தொழில் செய்கிறார்” என்று மட்டும் சொல்வேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முகாம் முடிந்து வீட்டிற்குப் போன இரவு, அம்மா ஒரு ரவிக்கையை வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டிலும் சாக்குக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டார், நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிவதற்காக. எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்த காட்சிதான். அன்றுதான் அதில் என் பாடம் இருப்பது தெரிந்தது.

துண்டுக்குத் துண்டு அம்புக்குறி வேறு திசையில் இருக்கலாம். ஒரு துண்டின் அம்பை அடுத்த துண்டின் அம்போடு ஒப்பிட வேண்டுமானால், இரண்டையும் இணைக்கும் தையல்தான் சொல்ல வேண்டும், ‘இவ்வளவு திருப்பினால் அதுவாகும்’ என்று. நான் ஒரு துண்டில் அம்பை அழித்து வேறு திசையில் போட்டுவிட்டால் அந்தத் துண்டைச் சுற்றியுள்ள எல்லாத் தையல்களின் கணக்கும் மாறும். ஆனால் ரவிக்கை மாறாது. அம்புக்குறி நம் வசதிக்காகப் போட்டது, ரவிக்கைதான் மெய். கேஜ் கோட்பாட்டின் உயிர்நாடி இதுதான்: அம்புகளை எப்படி மாற்றிப் போட்டாலும் மாறாமல் நிற்பது எது என்று தேடுவது.

மாறாமல் நிற்பது ஒன்று உண்டு. துண்டுகள் பல கூடும் ஒரு புள்ளியைச் சுற்றி, துண்டு துண்டாகக் கடந்து, தொடங்கிய துண்டிற்கே வந்து சேருங்கள். வழியிலுள்ள தையல்களின் திருப்பங்களையெல்லாம் கூட்டுங்கள். கூட்டுத்தொகை சுழியானால் துணி அந்த இடத்தில் மேசைமேல் தட்டையாகப் படுக்கும். சுழியாகவில்லையென்றால் படுக்காது. அம்மா ரவிக்கையில் ‘டார்ட்’ பிடிக்கிறாரே, அது வேண்டுமென்றே அந்தக் கூட்டுத்தொகையைச் சுழியாகாமல் செய்வதுதான். ஓர் ஆப்பு அளவு துணியை மடித்துத் தைத்ததும் தட்டைத் துணி கூம்பாகி உடம்பின் வளைவுக்குப் பொருந்துகிறது. வளைவு என்பதை நான் மூன்றாம் ஆண்டில் படித்தேன். அம்மா பதினேழு வயதில் படித்துவிட்டார்.

இதைத் துணியிலிருந்து உலகத்திற்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் கென்னத் வில்சன். அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகள் ஏன் ஒருபோதும் தனியே வெளிவருவதில்லை என்பதை ஆராய, 1974-இல் அவர் வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்தார். கட்டங்களின் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு திருப்பத்தை வைத்தார், நம் தையலைப் போல. அதற்கு முன்பே 1971-இல் ஃபிரான்ஸ் வெக்னர் இதன் எளிய வடிவம் ஒன்றைக் கண்டிருந்தார். வில்சன் போட்ட கட்டங்களின் வழியில்தான் 2008-இல் புரோட்டான் முதலிய துகள்களின் நிறையை மீக்கணினிகளில் கணக்கிட்டு, ஆய்வகத்தில் அளந்த மதிப்போடு சில விழுக்காட்டிற்குள் பொருத்திக் காட்டினர்.

வில்சனின் திருப்பங்கள் சாதாரணக் குலத்தைச் சேர்ந்தவை. 1980-களின் நடுவில் சப்பானின் மிச்சியோ ஜிம்போவும் சோவியத் நாட்டின் விளாதிமிர் திரின்ஃபெல்டும் தனித்தனியே புதிய ஒன்றைக் கண்டனர். 1986-இல் பெர்க்லியில் நடந்த உலகக் கணித மாநாட்டிற்குத் திரின்ஃபெல்டு எழுதிய கட்டுரையால் அதற்கு ‘குவாண்டம் குலம்’ என்ற பெயர் நிலைத்தது. உண்மையில் அது குலமே அன்று; குலத்தைச் சற்றே நெகிழ்த்தி எடுத்த ஓர் இயற்கணிதம். எவ்வளவு நெகிழ்த்தினோம் என்பதை ‘க்யூ’ என்ற எண் சொல்லும். க்யூ ஒன்றானால் பழைய குலத்தின் கணக்கே திரும்பக் கிடைக்கும்.

இந்த நெகிழ்வை ஏன் பரப்பின் மேல் கொண்டுவர வேண்டும்? நாம் வாழும் உலகில் வெளிக்கு மூன்று பரிமாணங்கள். அதை இரண்டாகக் குறைத்துவிட்டால் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு மிக எளிதாகிவிடுகிறது. 1984-இல் டெசர், ஜாக்கீவ், தொஃப்ட் ஆகிய மூவரும் அங்கே ஒரு பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியைக் கூம்பாக்கிவிடும் என்று காட்டினர். ஆம், அம்மாவின் டார்ட்தான்! அந்த உலகில் நிறை என்பது எவ்வளவு துணி மடித்தோம் என்பதே. 1988-இல் எட்வர்ட் விட்டன் இந்த ஈர்ப்பை ஒரு கேஜ் கோட்பாடாகவே எழுதலாம் என்றார். அதைக் குவாண்டம் விதிகளுக்கு உட்படுத்த முனைந்தபோது குவாண்டம் குலம் தானாகவே வந்து நின்றது. 1992-இல் ஃபோக், ரோஸ்லி ஆகியோர் பரப்பின்மேல் கட்டம் போட்டு அதற்கு அடிப்படை அமைத்தனர். 1990-களின் நடுவில் அலெக்சேயெவ், குரோசே, சோமெருசு ஆகிய மூவரும் அதிலிருந்து முழுக் குவாண்டம் கோட்பாட்டைக் கட்டினர்.

இந்த மூவரின் கட்டுரையில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

அம்புக்குறியை மாற்றினால் அந்தத் துண்டைச் சுற்றியுள்ள எல்லாத் தையல்களும் மாறும் என்று சொன்னேன் அல்லவா? சாதாரணக் குலத்தில் இது எளிது. எல்லாத் தையலுக்கும் ஒரே திருப்பத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம். யாருக்கு முதலில் கொடுத்தாலும் ஒன்றுதான். குவாண்டம் குலத்தில் அப்படியில்லை. அதில் ‘இ’ என்றும் ‘கே’ என்றும் உறுப்புகள் உண்டு. இ-யை இரண்டு தையல்களுக்குப் பகிர்ந்தால் இரண்டு பகுதிகள் வரும். ஒன்றில் முதல் தையலுக்கு இ, இரண்டாவதற்குக் கே. மற்றொன்றில் முதல் தையலுக்கு மாற்றமில்லை, இரண்டாவதற்கு இ. முதல் தையல் எது, இரண்டாவது எது என்பதை மாற்றினால் விடையே மாறிப்போகும்.

இதனால்தான் இந்தக் கோட்பாட்டிற்குப் பரப்பு இயல்பாகப் பொருந்துகிறது. பரப்பின் மேல் ஒரு முனையைச் சுற்றியுள்ள கோடுகளுக்குத் தாமாகவே ஒரு சுற்று வரிசை உண்டு, கடிகார எண்களைப் போல. ஆனால் சுற்றுக்குத் தொடக்கம் கிடையாது. எந்தக் கோட்டிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை ஒவ்வொரு முனையிலும் நாமே ஒரு சிறு குறி போட்டு முடிவு செய்ய வேண்டும். ஆய்வாளர்கள் அந்தக் குறியைச் ‘சிலியம்’ என்கிறார்கள். கண் இமைமுடி என்று பொருள்.

நான் குறி போட்டேன். ஆனால் ஒரு முனையில் நான்காம் பக்கத்தில் போட்ட குறியை ஒன்பதாம் பக்கத்தில் மறந்துவிட்டேன். மாறாமல் நிற்க வேண்டிய வளையம் மாறிக்கொண்டே இருந்தது. ஆறு வாரங்கள் தேடினேன். என் நெறியாளர் பொறுமையானவர். “தொடக்கத்திலிருந்து படம் வரைந்து பார்” என்று மட்டும் சொன்னார். அந்த ஆறு வாரங்களில்தான் முதன்முறையாக, ‘நமக்கு இது ஒத்துவராதோ’ என்ற எண்ணம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு மனுச் செய்திருக்கலாம். வங்கி வேலைக்குப் போயிருந்தால் அம்மா தீபாவளிக்கு இரவு இரண்டு மணிவரை விழித்திருக்க வேண்டியதில்லை.

தவற்றைக் கண்டுபிடித்த வாரம் விடுமுறையில் வீட்டிற்குப் போனேன். நடந்ததைச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில், “ஏம்மா, ஒரு துண்டுக்கு நாலு ஓரம் இருந்தா எதை முதல்ல தைப்பீங்க?” என்று கேட்டேன்.

அம்மா இயந்திரத்தை நிறுத்தினார். “அது எப்படித் தைக்கிறோங்கிறதைப் பொறுத்தது. தோள்லேயும் ஆரம்பிக்கலாம், பக்கத்திலேயும் ஆரம்பிக்கலாம். எதுல ஆரம்பிச்சாலும் முடிஞ்சா ரவிக்கை ஒண்ணுதான். ஆனா எதுல ஆரம்பிச்சோம்னு நடுவுல மறந்துட்டா கதை முடிஞ்சுச்சு. அத்தனையும் பிரிக்கணும். அதுக்குத்தான் நான் ஊசி குத்தி வெச்சுக்குவேன்.”

துண்டின் ஓரத்தில் குத்தியிருந்த குண்டூசியைக் காட்டினார்.

நான் பேச்சற்றுப் போனேன். தொடக்கக் குறியை எங்கே போட்டாலும் இறுதியில் கிடைக்கும் மாறாப் பொருள்கள் ஒன்றே என்பது நிறுவப்பட்ட ஒரு தேற்றம். குறியை இடையில் மாற்றினால் எல்லாம் கெடும் என்பது என் ஆறு வாரம். அம்மாவுக்குக் குவாண்டம் குலம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாது. ஆனால் வரிசை முக்கியமான வேலையைச் செய்பவருக்குத் தெரிய வேண்டியது என்னவோ அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன், ஆறு வாரங்களையும் சேர்த்து. பிறகு, “ஒரு நாலு மூலைத் துண்டை எடுத்து எதிரெதிர் ஓரங்களைச் சேர்த்துத் தைச்சுக் குடுங்கம்மா” என்றேன். ஒரு சோடி ஓரத்தைத் தைத்ததும் குழாய் ஆனது. குழாயின் இரண்டு வாய்களையும் சேர்த்துத் தைத்ததும் அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது சும்மாடுதானே? உங்க பாட்டி விறகு தூக்கிறப்ப தலைக்கு வெப்பாங்களே.”

ஆங்கில நூல்களில் இதை டோனட் என்பார்கள். நான் உளுந்துவடை என்று எழுதி வைத்திருந்தேன். இனி சும்மாடு என்றே எழுதுவேன்.

இந்தச் சும்மாட்டின் மேல் முக்கோணத்தின் அந்த ஆறு திருப்பங்களைக் கொண்டு கணக்குப் போடலாம். சும்மாட்டில் அடிப்படையான வளைய வழிகள் இரண்டு: ஓட்டையைச் சுற்றி ஒன்று, குழாயைச் சுற்றி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஆறில் ஒன்றைக் கொடுத்தால் 36 சோடிகள். துணி எங்கும் சுருங்காமல் தட்டையாக இருக்க வேண்டுமானால், இரண்டு திருப்பங்களையும் எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விடை வரவேண்டும். அத்தகைய சோடிகள் 18. அம்புக்குறி மாற்றத்தால் ஒன்று மற்றொன்றாகக் கூடியவற்றைச் சேர்த்து எண்ணினால் மிஞ்சுவது 8. விருப்பமுள்ள நண்பர்கள் ஒரு தாளை முக்கோணமாக வெட்டி வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். நான் கோலாலம்பூர்ப் பேருந்தில் சரிபார்த்தேன். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

இந்த எட்டு வெறும் கணக்கு அன்று. 1997-இல் அலெக்சி கிட்டாயெவ், இதே கட்டங்களைக் கொண்டு குவாண்டம் கணினியின் நினைவைப் பாதுகாக்கும் வழியை முன்வைத்தார். அவர் மாதிரியில் முக்கோணத்தின் குலத்தை வைத்தால், தோன்றக்கூடிய துகள் வகைகள் எட்டு. எல்லாவற்றிலும் எளிய குலத்தை, ‘திருப்பு, திருப்பாதே’ என்ற இரண்டை மட்டும் வைத்தால், சும்மாட்டின் மேல் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலைகள் நான்கு. பந்தின் மேல் ஒன்றுதான். இரண்டு ஓட்டைகள் இருந்தால் பதினாறு. அந்த நான்கில் எது என்பதை ஒரு மூலையை மட்டும் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது; அதனால் ஒரு மூலையில் ஏற்படும் சிறு பிழை அதைக் கெடுக்கவும் முடியாது. செய்தி துணியில் இல்லை, ஓட்டையில் இருக்கிறது. இந்த எளிய மாதிரியின் நிலை ஒன்றை 2021-இல் கூகுள் ஆய்வாளர்கள் 31 குவாண்டம் பிட்டுகளில் செய்து காட்டினர். கிட்டாயெவின் மாதிரிகளும் நான் மேலே சொன்ன மூவரின் கோட்பாடும் ஒரே கட்டமைப்பின் இரண்டு தோற்றங்கள் என்பதை 2017-இல் கேத்தரின் மொய்ஸ்பர்கர் நிறுவினார். என் ஆய்வுக் கட்டுரை அவருடைய கட்டுரையின் ஒரு சிறு பகுதியைச் சும்மாட்டின் மேல் கையால் போட்டுப் பார்ப்பதுதான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வளையம் இப்போது மாறாமல் நிற்கிறது.

முதுகலைக்கு மனுச் செய்திருக்கிறேன். செய்வதற்கு முன் அம்மாவிடம் பணக் கணக்கைச் சொன்னேன். எவ்வளவு உதவித்தொகை கிடைக்கலாம், கிடைக்காவிட்டால் என்ன, தம்பியின் படிவம் ஐந்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “ரெண்டு வருசமா?” என்றார். “ஆமாம்” என்றேன். “இந்தத் தீபாவளிக்கு வந்து கொக்கி தைச்சுக் குடு பாப்பா. கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதம் என்று எனக்குத் தெரியும். அதன் விலை எவ்வளவு என்பதும் தெரியும்.

இப்போது என் குறிப்பேட்டின் முதல் நிரல் மீண்டும் நிறையத் தொடங்கியிருக்கிறது. குலம், முனை, வளையம், பரப்பு, சும்மாடு. கேஜ் என்பதற்கு மட்டும் மனத்துக்கு நிறைவான சொல் இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தம்பி தங்கையர் யாரேனும் நிரப்பலாம்.

மூன்று மொழிகளில் படித்த நம்மில் பலருக்கு, ஒவ்வொரு மொழியிலும் பாதி பாதியாகத் தெரிகிறதோ என்ற அச்சம் உண்டு. எனக்கும் உண்டு. ஒரு கருத்தைத் தமிழிலிருந்து மலாய்க்கும், மலாயிலிருந்து ஆங்கிலத்திற்கும், அங்கிருந்து மீண்டும் தமிழுக்கும் கொண்டுவந்து பார்த்தால் அது புறப்பட்டபடியே திரும்புவதில்லை. முன்பு அதை இழப்பு என்று மட்டும் நினைத்தேன். சுற்றி வந்தால்தான் துணி எங்கே வளைந்திருக்கிறது என்பது தெரியும் என்று இப்போது படுகிறது.

அடுத்த மாதம் நம் கழகம் மீண்டும் அதே பள்ளிக்குப் போகிறது. அந்தச் சிறுவன் ஆறாம் ஆண்டுக்கு வந்திருப்பான். அம்மா தைத்த சும்மாடு ஒன்றும், எட்டு மூலைத் துண்டில் தைத்த இரண்டு ஓட்டைச் சும்மாடு ஒன்றும் என் பையில் இருக்கின்றன. இரண்டாவதைத் தைக்க அம்மாவுக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. மூன்று முறை பிரித்தார்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். கொஞ்சம் நீளமாகிவிட்டது. புரியாத இடத்தில் தலையாட்ட வேண்டாம், நிறுத்திக் கேள்.